ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகுதான் படித்தேன்

நான் டிப்ளமோ சிவில், சைட் சூப்பர்வைசராக 10 வருடம் ஓடிவிட்டது. ஐஐடி வாத்தியார்கள் பாடம் ஓசியில் கிடைக்கிறது என்று தெரிந்ததும், என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பாடங்களுக்குப் பதிவு செய்தேன். மூன்றிலுமே மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. காசு போகவில்லை, அதனால் உறைக்கவும் இல்லை.

அடுத்த தடவை ஒன்றே ஒன்று. சென்னை ஐஐடியின் 'பேசிக் கன்ஸ்ட்ரக்‌ஷன் மெட்டீரியல்ஸ்', 12 வாரம். வீடியோ, வாராந்தர அசைன்மென்ட் எல்லாம் இலவசம்தான். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், நான் எழுதியபோது அதற்கு 1000 ரூபாய். இந்த முறை அதை முதலிலேயே கட்டிவிட்டேன். சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தாலும் அந்த ஆயிரம் கண் முன்னால் வந்து நிற்கும்.

சிமென்ட் பாடத்தில்தான் எனக்குப் பிடித்துக்கொண்டது. கிளிங்கரோடு (சூளையில் சுட்டெடுக்கிற உருண்டைகள், அதை அரைத்தால்தான் சிமென்ட்) கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைக்காவிட்டால் சிமென்ட் தண்ணீர் பட்டதுமே இறுகிப்போகுமாம், பூசக்கூட நேரம் கிடைக்காது. இத்தனை வருடம் மூட்டை மூட்டையாக இறக்கியவனுக்கு இது அன்றைக்குத்தான் தெரியும் (டிப்ளமோவில் சொல்லியிருப்பார்கள், நான் எங்கே கவனித்தேன்). அந்த இடத்தை மட்டும் நாலு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். வகுப்பில் நாலு தடவை கை தூக்கியிருந்தால் பின் பெஞ்சு சிரித்திருக்கும்.

ஆனால் சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. ஆங்கிலமும் வேகமாகப் போகும். ஐந்தாவது வாரம் ஒரு ஸ்லாப் வேலையில் மாட்டிக்கொண்டு, புதன் ராத்திரி 11:30-க்கு ஒரு டெலிகிராம் குழுவில் கிடந்த விடைகளை அப்படியே பார்த்துப் போட்டேன், அடுத்த வாரமும் அதே கதை. இரண்டிலும் முழு மார்க்! அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்பதன் அர்த்தம் தேர்வன்று அந்த இரண்டு வாரக் கேள்விகள் திரையில் வந்தபோதுதான் புரிந்தது. மூன்று மணி நேரம், மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்விகளையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

அசைன்மென்டில் 21-ம் தேர்வில் 44-ம் சேர்ந்து 65. 60-க்கு மேல் என்றால் சான்றிதழில் 'எலைட்' என்று அச்சாகிறது. காலேஜில் படிக்கிறவர்களுக்கு இது கிரெடிட்டாக ஏறும், என் முதலாளி "நல்லது" என்று சொல்லிவிட்டு கம்பி வந்துவிட்டதா என்று கேட்டார், சம்பளத்தில் ஒரு பைசா ஏறவில்லை.

போன மாதம் கலவை கெட்டியாக இருக்கிறதென்று கொத்தனார் வாளியைத் தூக்கினார். தண்ணீர் கூடினால் 28 நாள் கழித்து வர வேண்டிய பலம் வராது என்று, கையில் இருந்த செங்கல்லில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அரை வாளி மட்டும்" என்றார்.