அஞ்சடியில் நாலு அடி

காலையில் பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள நடைபாதையில், அக்கா மகள் என் விரலை உதறினாள்.

கைகள் தோளுக்கு மேலே. கால்கள் அகலமாய். பாதம் முழுதும் தப், தப்பென்று தரையில். நாலாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அழவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்தாள்.

பூக்கடை அம்மா, "தூக்காதய்யா, விடு" என்றார்.

நடை பழகும் பிள்ளை மணிக்குச் சராசரியாக 17 முறை விழுகிறது என்று 2012இல் வந்த நியூயார்க் ஆய்வு சொல்கிறது. அத்தனை முறையும் எழுகிறதே!

14 மாதமாகியும் நடக்கவில்லையே என்று அக்கா தூங்காமல் கிடந்தாள். 18 மாதம்வரைகூட ஆகலாம். குதிகாலை முதலில் ஊன்றுவதெல்லாம் அப்புறம்தான். பெரியவர்கள் நடை கூடிவர 7 வயதாகும்.

அக்காவுக்கு வீடியோ அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. அழுதுகொண்டிருப்பாள்.