இக்னிஷன் காயிலிலிருந்து 12 கிலோவோல்ட் டிசி: ஊட்டியில் செய்து பார்த்தது

பழைய அம்பாசடர் காரின் இக்னிஷன் காயிலை (பிளக்கில் பொறி பறக்க வைக்கும் கம்பிச்சுருள்) வைத்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 கிலோவோல்ட் டிசி எடுக்கும் வேலை ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. பொறி பறக்க விடுவது சுலபம். அந்த வோல்டேஜைத் தேக்கி, அளந்து, கேட்ட இடத்தில் நிறுத்துவதில்தான் வேலையே இருக்கிறது. அதிலும் ஊட்டிக் காற்றுக்குத் தனிக் கணக்கு.

காயில் குன்னூரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வாங்கியது. "எண்ணெய் ஒழுகல தம்பி, நல்ல காயில். படுக்க வெச்சு மட்டும் ஓட்டாதீங்க" என்றார். சரியான பேச்சு. உள்ளே இருக்கும் எண்ணெய்தான் சுற்றுகளுக்கு இன்சுலேஷனும் குளிர்ச்சியும். அதனால் மரச்சட்டத்தில் நிமிர்த்தியே பொருத்தினேன்.

உள்ளே இரண்டு சுற்றுகள். பேட்டரி சேரும் சுற்று, அதாவது பிரைமரி, 3 ஓம். பேட்டரியை நேரே கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காயில் சூடாகும், அவ்வளவுதான். டிசி அப்படியே ஏறாது. கரன்ட் மெல்ல ஏறும்போது காயிலின் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. சட்டென்று கரன்டை அறுத்தால் அந்தப் புலம் சரிந்து, இன்னொரு சுற்றான செகண்டரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. 1836இல் அயர்லாந்துப் பாதிரியார் நிக்கோலஸ் கேலன் செய்த இண்டக்‌ஷன் காயிலும் இதே வழிதான். காரில் அறுக்கும் வேலையைப் பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) செய்தது. இங்கே நேரம் பார்த்துத் துடிப்பு தரும் 555 ஐசியும், இக்னிஷனுக்கென்றே வரும் ஒரு ஐஜிபிடியும் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வகை). சும்மா கிடக்கும் 2என்3055 டிரான்சிஸ்டரை இதில் போடாதீர்கள். அறுக்கும் நேரத்தில் பிரைமரியிலேயே 300 வோல்டுக்கு மேல் உதைக்கும். அதன் தாங்குதிறன் 60 வோல்ட்.

கரன்டை பிரைமரியோடு தொடராகப் போட்ட 0.1 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆசிலோஸ்கோப்பில் பார்த்துத்தான் வைக்கிறேன். 3 ஆம்பியர் வந்ததும் அறுக்க, என் காயிலுக்கு 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. நேரத்தை நம்புவதைவிட கரன்டை நம்புவது மேல். மலைக்குளிரில் செம்பின் தடை குறையும், அதே 4 மில்லி செகண்டில் கரன்ட் கூடுதலாக ஏறிவிடும்.

இதை மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டிலும் கொண்டுபோய் ஓட்டினேன். அதே பேட்டரி, அதே 3 ஆம்பியர், இரண்டு தையல் ஊசிகள் எதிரெதிரே. கீழே 15 மில்லிமீட்டர் வரை பொறி தாண்டியது. ஊட்டியில் 17ஐயும் கடந்தது. காயில் பலம் கூடிவிடவில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். காற்று மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே உடைந்து வழிவிடும். குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவதால்தான் வித்தியாசம் இத்தோடு நின்றது. அதனால் பொறியின் நீளத்தை வைத்து இத்தனை கிலோவோல்ட் என்று சொல்வதை இங்கே விட்டுவிட வேண்டும். பொறி தாண்டாமலிருக்க சமவெளியில் போதுமென்று விடும் இடைவெளியும் இங்கே போதாது.

அப்புறம் கரன்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு. வழக்கமான இணைப்பில், அதாவது பேட்டரி பிளஸ் காயிலின் பிளஸில் இருக்கும்போது, காயில் தலையில் வருவது மைனஸ் வோல்டேஜ். ஆகவே டயோடின் கோடு போட்ட முனை காயில் பக்கம் இருக்க வேண்டும். மைக்ரோவேவ் அவன் டயோடு ஒன்று 12 கிலோவோல்ட் தாங்கும். இரண்டைத் தொடராகப் போட்டேன். பின்னால் வோல்டேஜைத் தேக்க 1 நானோஃபாரட், 20 கிலோவோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்.

வோல்டேஜைப் பங்கிட்டு அளப்பதற்கு 10 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் 60 தொடராக, அடியில் ஒரு 1 மெகா ஓம். மீட்டரை அந்த அடி ரெசிஸ்டரின் குறுக்கே வைக்க வேண்டும். மீட்டருக்கே 10 மெகா ஓம் உண்டு, அது பக்கத்தில் சேர்ந்து அடியை 909 கிலோ ஓமாக்கிவிடும். இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 12 கிலோவோல்டுக்கு மீட்டர் 18.2 வோல்ட் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரைமரியில் கரன்ட் ஓடும் நேரத்தை ஒரு மில்லி செகண்டிலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே வந்தேன். மைனஸ் 18.2இல் எண் அசையாமல் நின்றது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எந்தப் பொறியிலும் வந்ததில்லை. ஒரேயடியாக முழு 3 ஆம்பியரில் விட்டால் வோல்டேஜ் 20 கிலோவோல்டைத் தாண்டி கெப்பாசிட்டரைக் கொன்றுவிடும்.

மூடுபனி வீட்டுக்குள் புகும் நாட்களில் எண் 14க்கு இறங்குகிறது. காயில் தலையிலும் ரெசிஸ்டர் வரிசையிலும் படியும் ஈரப்படலம்தான் காரணம்; அதன் வழியே கரன்ட் கசிகிறது. ஸ்பிரிட்டால் துடைத்து, மேசை விளக்கைக் கொஞ்ச நேரம் காட்டினால் பழைய நிலைக்கு வரும். ரெசிஸ்டர்களை பிவிசி குழாயில் இட்டு மெழுகு ஊற்றியபின் தொந்தரவு பாதியாகக் குறைந்தது.

அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கை வைக்கக் கூடாது. ரெசிஸ்டர் வரிசையே சில நொடியில் வடித்துவிடும் என்றாலும், காய்ந்த பிளாஸ்டிக் கோலில் ரெசிஸ்டர் கட்டி எர்த்தில் தொட்ட பிறகே தொடுகிறேன். பன்றிக்கு, காட்டெருமைக்கு என்று இதை வேலியில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது, வேலிக்கு அளவோடு துடிப்பு விடும் கருவி தனியே உண்டு. பொறிச் சோதனையைத் தகரப் பெட்டிக்குள் வைத்துச் சுருக்கமாக முடிப்பதும் நல்லது. பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். ஊட்டி பக்கத்து முத்தோரையில் 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது.

இப்போது இந்த மைனஸ் 12 கிலோவோல்டை ஒரு தகரக் குழாயின் நடுவே ஓடும் மெல்லிய கம்பிக்குக் கொடுத்திருக்கிறேன், குழாய் எர்த்தில். அடியில் ஊதுபத்தி. ஸ்விட்சைப் போட்டதும் மேலே வரும் புகை நின்றுவிடுகிறது, துகள்கள் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஆலைப் புகைபோக்கிகளிலும் கம்பிக்கு மைனஸ்தான் கொடுப்பார்கள். அடுத்து, விறகடுப்பின் புகைக்குழாய் அளவுக்கு இதைப் பெரிதாக்க வேண்டும். அதற்குக் கரன்ட் கூடுதலாகத் தேவை, இரண்டாவது காயில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.