தேனீக்கு யார்கிட்டங்க பர்மிஷன் வாங்கறது?

எங்க மாமனார் கோபிப் பக்கம் இருந்த தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு கோவை வடவள்ளியில் எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்ததிலிருந்து கை காலைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட, போய்வந்த கையோடு நியூட்டன் பெட்டி என்கிற மரத் தேனீப் பெட்டி ஒன்றும் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. கீழே புழு அறை, மேலே தேன் அறை, ஸ்டாண்டு கால்களில் எறும்பு ஏறாமலிருக்க நாலு தண்ணீர்க் கிண்ணம். நாலும் என் பாயசக் கிண்ணங்கள்.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று வீட்டுவரி கட்டப் போன இடத்தில் விசாரித்தேன். "வீட்டுல வளர்க்கணும்னா லைசென்ஸ் எதாச்சும் வேணுங்களா?"

"நாயாம்மா?"

"தேனீங்க."

"எத்தனை இருக்கு?"

"ஒரு பதினைஞ்சு இருபதாயிரம் இருக்கும்ங்க."

அவர் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார். அப்புறம், "புகார் வராத வரைக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

புகார் வந்தது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஆபீசர் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. மஞ்சள்பொடிக் கையோடு தொட்டாய் என்று பாவம் அவர் வீட்டு அக்காவுக்குத் திட்டு விழுந்திருக்கிறது. அது தேனீ போட்ட எச்சம் என்று தெரிந்த அதே வாரம், அவருக்குப் பிடரியில் நறுக்கென்று ஒரு கொட்டும் விழ, ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் முதல் அயிட்டமே நாங்கள்தான்.

மனுசர் தயாராக வந்திருந்தார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 291. தன் வசமிருக்கும் விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். பிரிண்ட் அவுட் எடுத்து எல்லாருக்கும் விநியோகமே செய்துவிட்டார்.

மாமா நிதானமாகக் கேட்டார்: "அபராதத்த நான் கட்டிப்போடறனுங்க. அந்த ஆறு மாசத்துக்குப் பெட்டியோட கூட்டிட்டுப் போவாங்களா, இல்ல தனித்தனியாவா?"

தேனீ விலங்குக் கணக்கில் வருமா வராதா என்று அரைமணி நேரம் ஓடியது. நான் என் பங்குக்கு, அமெரிக்காவிலிருக்கும் கொழுந்தனார் சொன்னதை எடுத்துவிட்டேன். நியூயார்க் நகரத்திலேயே 2010 வரைக்கும் தேனீ வளர்க்கத் தடை, நாகப்பாம்பு, கழுதைப்புலியோடு ஒரே பட்டியலில் வைத்திருந்தார்களாம். இப்போது சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு வளர்க்கலாம், பக்கத்திலேயே தண்ணீர் வைக்க வேண்டும். செகரட்டரி "அப்ப நாமளும் ரூல் போட்டுக்கலாங்க" என்று நோட்டைத் திறந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, எங்க ஏரியாவில் கோலத்துக்கே ரூல் உண்டு.

ஆனால் நடந்தது நல்ல தமாஷ். சாயந்திரம் ஆறரைக்கு மேல் தேனீ வெளியே சுத்தக்கூடாது என்றார்கள். மாமா "ஆகட்டுங்க" என்றார். பொழுது சாய்ந்தால் அதுகளே கூட்டுக்குள் போய்விடும் என்று அவர் சொல்லவே இல்லை. பெட்டி வாசல் பக்கத்து வீட்டைப் பார்க்கக்கூடாது, சரி, தெற்கே காலிமனைப் பக்கம் திருப்பியாயிற்று. அடுத்த வீட்டுத் தொட்டியில் வந்து தண்ணீர் குடிக்கக்கூடாது என்றதற்குத்தான் உண்மையிலேயே வேலை இருந்தது: அகலமான மண்சட்டியில் தண்ணீர், மூழ்கிவிடாமல் நின்று குடிக்கக் கூழாங்கல், அதுவும் ஒருநாள்கூடக் காயக்கூடாது, காய்ந்தால் பழைய தொட்டிக்கே போய்விடும். வேட்டிக்கு வழியில்லை. கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டித் தருகிறோம் என்று சமாதானம் பேசினோம்.

எல்லாம் முடிகிற நேரத்தில் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போய், "சித்த திரும்புங்க சார்" என்று ஆபீசரின் பிடரியைத் தடவிப் பார்த்தார். முப்பது பேர் வேடிக்கை பார்க்கிறோம். "கொட்டுனப்ப கொடுக்கு எதாச்சும் புடுங்குனீங்களா?" இல்லை என்றார். வீட்டு அக்கா முன்னால் வந்து, டார்ச் அடித்துத் தேடியும் ஒன்றுமே இல்லை என்று சாட்சி சொன்னார், வேட்டிக் கோபம் போல. "நம்முது கொட்டுனா கொடுக்கு தோல்லயே நிக்குமுங்க. குளவிதான் வேலைய முடிச்சுட்டுக் கொடுக்கோட போயிரும்."

கூட்டத்தோடு போய்ப் பார்த்தால் அவர் வீட்டு மோட்டார் ரூம் மூலையில், கையகலத்துக்குக் குளவிக் கூடு. 291-ஐ யாரும் வாயில் எடுக்கவில்லை, மாமாவைத் தவிர.

தீர்மானம் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. தேன் எடுக்கும்போது அசோசியேஷனுக்கு ஒரு பாட்டில் என்று கடைசியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது, யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு மயில் விஷயமாம். மூணாவது வீதியில் தக்காளி நாற்றை மொத்தமாகக் கொத்திவிட்டதாம், "அம்மணி, மயிலுக்கு எந்தப் பிரிவுன்னு போன்ல பாரு" என்று மாமா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.