எம்.எஸ். இ.என்.டி.: வெளிச்சம் பிடிக்கக் கற்ற மூன்று வருடம்

2021 செப்டம்பர் 11 அன்று மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி எழுதினேன். ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய தேர்வு, கொரோனாவால் தள்ளிப்போயிருந்தது. 200 கேள்வி, 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். முடிவு வந்தும் இட ஒதுக்கீடு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. என் ரேங்குக்கு ஜெனரல் மெடிசின் வராது என்று தெரியும். கத்தி பிடிக்கிற துறையாகவும் இருக்க வேண்டும், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியாகவும் இருக்க வேண்டும் என்று பார்த்ததில் இ.என்.டி. மிஞ்சியது. "காது மூக்கு தொண்டையா? சரி, ராத்திரி நிம்மதியா தூங்கலாம்" என்றார் மாமா. சேர்ந்த முதல் வாரமே, இரவு ஒரு மணிக்கு மூக்கில் ரத்தம் கொட்டக் கொட்ட ஒரு பெரியவர் வந்தார். விடியும்வரை அவர் மூக்கில் பஞ்சுத்துணி அடைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் மாதம் என்னை அழவைத்தது ஹெட் மிரர். நெற்றியில் கட்டிக்கொள்ளும் குழிக்கண்ணாடி, நடுவில் ஒரு துளை. நோயாளியின் தோளுக்குப் பின்னால் புல்ஸ் லாம்ப் எரியும். அந்த வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கி, நோயாளியின் காதுக்குள் அனுப்பி, வலது கண்ணால் துளை வழியே பார்க்க வேண்டும். இடது கண்ணை மூடக் கூடாது. ஒளி குவிவது சுமார் 25 செ.மீ. தூரத்தில், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மங்கிவிடும். இரண்டு வாரம் நான் விளக்கடித்துப் பார்த்ததெல்லாம் நோயாளிகளின் கன்னத்தைத்தான். உள்ளே விட்டுப் பார்க்கும் விளக்குக் குழலான எண்டோஸ்கோப் பக்கத்து மேசையிலேயே இருந்தது. "அதை அப்புறம் தொடலாம், முதல்ல இதைப் பழகு" என்றார் சீஃப். அப்போது பழமைவாதம் என்று நினைத்தேன். ஹெட் மிரரில் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது, கரண்ட் போனால் டார்ச் போதும் என்று புரிய ஆறு மாதம் ஆனது. முதன்முதலாக ஒரு செவிப்பறை முழுசாகத் தெரிந்த நாள் நினைவிருக்கிறது. முத்துச் சாம்பல் நிறம், கீழே முன்பக்கமாக ஒரு சின்ன ஒளிக்கூம்பு. சீனியர் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "நார்மல் காதுக்கா இவ்வளவு கூப்பாடு?" என்றாள்.

ஓ.பி.யில் கிழமையைக்கூட நோயாளியை வைத்துச் சொல்லிவிடலாம். திங்கட்கிழமை என்றால் மீன் முள். பெரும்பாலும் டான்சிலில் குத்தி நிற்கும், அல்லது நாக்கின் அடியில். குழந்தைகள் மூக்கில் பாசிமணி, புளியங்கொட்டை, ரப்பர் துண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள் என்பது முதல் பாடம். பட்டன் பேட்டரி என்று தெரிந்தால் டீ குடிக்கவும் உட்காரக் கூடாது, சில மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். அப்புறம் எண்ணெய். சீழ் வடியும் காதோடு வரும் பத்தில் எட்டுப் பேர் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள்.

தியேட்டரில் முதல் வருடம் எனக்குக் கிடைத்தது, காதுக்கு மேலே கீறி, அங்குள்ள தசையை மூடிய சவ்வை (டெம்பொராலிஸ் ஃபேஷியா) எடுத்துத் தரும் வேலை. ஓட்டை விழுந்த செவிப்பறைக்கு ஒட்டுப்போட அந்தச் சவ்வுதான். அதை விரித்து அப்பளம் மாதிரி காயவைப்பதும் நான்தான். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காருவது சீனியர். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேஸ் கிடைப்பது உழைப்பைவிட யூனிட்டைப் பொறுத்தது. பக்கத்து யூனிட்டில் என் பேட்ச்மேட் முதல் வருடத்திலேயே டான்சில் ஆபரேஷன் செய்தான். எனக்கு அது இரண்டாம் வருடம்தான். கலந்தாய்வுக்கு முன்னால் சீனியர்களிடம் கேட்க வேண்டியது ஸ்டைபெண்ட் எவ்வளவு என்று மட்டும் இல்லை. காதைச் சுற்றியுள்ள எலும்பைக் குடைந்து பழகும் டெம்பொரல் போன் லேப் இருக்கிறதா, எலும்பு வருகிறதா, டிரில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

எங்கள் லேபில் டிரில் ஓடியது, எலும்புதான் அபூர்வம். அதனால் ஒரு எலும்பைத் தொடும் முன் மூன்று நாள் படிப்போம். ஃபார்மலின் நெடியில் கண் எரிய, காதுத் துளைக்குப் பின்னால் மேக்வென் முக்கோணம் என்ற அடையாள இடத்தில் தொடங்கிக் குடைய வேண்டும். பெரியவர்களுக்கு ஒன்றரை செ.மீ. ஆழத்தில் ஆன்ட்ரம் என்ற காற்றறை. மேலே மூளையைத் தாங்கும் மெல்லிய எலும்புத் தகடு, பின்னால் சிக்மாய்டு சைனஸ் என்ற பெரிய ரத்தக்குழாய், உள்ளே முகநரம்பு. நரம்பை வெட்டினால் அந்த மனிதருக்கு அந்தப் பக்கம் கண் மூடாது, வாய் கோணிவிடும். முதல் எலும்பில் நான் நேராக மூளை இருக்க வேண்டிய இடத்துக்கே போய்விட்டேன். அசிஸ்டெண்ட் சார் திட்டவில்லை. "சத்தம் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். எலும்பு மெலிய மெலிய டிரில் முனையின் (பர்) சத்தம் மாறும், கீச்சென்று உயரும். அடுத்த எலும்பில் கண்ணோடு காதையும் வைத்துக் குடைந்தேன்.

இரண்டாம் வருடம், ஒரு இரவு. குரல்வளைப் புற்றுநோய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். மூச்சிழுக்கும் சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. படுக்க முடியவில்லை. மயக்க மருத்துவர் பார்த்துவிட்டு, வாய் வழியாகக் குழாய் போகாது என்றார். சீனியர் இன்னொரு தியேட்டரில். பாதி உட்கார்ந்தபடியே கழுத்தில் மரப்பு ஊசி போட்டு, நடுக்கோட்டில் நெடுக்காகக் கீறினேன். அதற்கப்புறம் ரத்தம் தவிர எதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் பழகிய வெளிச்சம் உதவாத இடம் அது. இடது ஆள்காட்டி விரலால் மூச்சுக்குழாயின் வளையங்களைத் தடவித் தடவி இறங்கினேன். வெட்டியதும் புஸ்ஸென்று காற்று, ஒரு பெரிய இருமல், என் மூக்குக்கண்ணாடி முழுக்க ரத்தமும் சளியும். குழாய் உள்ளே போனது. இரண்டு நிமிடத்தில் அவர் தூங்கிவிட்டார். அடைப்பு நீங்கியதும் சிலருக்கு மூச்சே சற்று நின்றுவிடும் என்று படித்திருந்ததால், அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் ரவுண்ட்ஸ் போனபோது குரல் இல்லாமல் கையால் டம்ளர் காட்டினார். டீ வேண்டுமாம்.

தீசிஸ், எத்திக்ஸ் கமிட்டி, ஆன்லைனில் ஆராய்ச்சி முறைகள் படிப்பு எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணியைத் தண்டனை என்று நினைத்துப் போனேன். அங்கே மறுபடி ஹெட் மிரரும் நானும்தான்.

இறுதித் தேர்வில் நான்கு தாள், பிறகு பிராக்டிகல். எனக்கு விழுந்த லாங் கேஸ், அதாவது முழுசாகப் பரிசோதித்து எழுத வேண்டிய நோயாளி, ஒரு பாட்டி, காதில் சீழ். "நல்லா பாரு பாப்பா. காலைலேர்ந்து நாலு பேரு பார்த்துட்டாங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார். ஹெட் மிரரை இறக்கினேன். வெளிச்சம் நேராகப் போய் விழுந்தது. செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஓட்டை, உள்ளே வெள்ளைச் செதில். கொலஸ்டியடோமா. நடு ஓட்டையாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை; இது எலும்பை அரிக்கிற வகை. 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் வைத்துக் காது கேட்பதைப் பார்த்து, முகநரம்பு சரியாக இருக்கிறதா என்று கண்ணை இறுக்கி மூடச் சொல்லி, எல்லாம் எழுதி முடித்தேன். தேர்வாளர் வரக் கொஞ்சம் நேரமிருந்தது. பாட்டி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"ஆபரேசன் வரைக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்கலாமா?"