கியூ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது டிப் பக்கம்

ஸ்னூக்கர் பழகத் தொடங்கியவர்கள் சொந்தமாகக் கியூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கப் போனால் கண் முதலில் போவது பட் எனும் தடித்த பின்பகுதிக்குத்தான். கருங்காலியின் பளபளப்பு, கலர் கலராக ஸ்ப்ளைஸ் (வேறு மரங்களை இணைத்த வேலைப்பாடு), பெயர் பொறித்த பேட்ஜ் என்று கவர நிறைய இருக்கிறது. ஆனால் பந்து போகும் வழியைத் தீர்மானிப்பது எதிர்முனை: பந்தைத் தொடும் முனையான டிப், அதை ஒட்டிய வளையமான ஃபெரூல், அதற்குப் பின்னால் ஒரு முழ நீள ஷாஃப்ட் (மெலிந்த முன்தண்டு). தேர்வை அங்கிருந்து தொடங்குங்கள்.

டிப் 9.5 மி.மீ. என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. பூல் பந்து 57 மி.மீ.க்குச் சற்று மேல், அந்தக் கியூக்களின் டிப் 12, 13 மி.மீ. வரை இருக்கும். அதை வைத்து ஸ்னூக்கர் ஆடினால், வெள்ளைப் பந்தில் எங்கே அடிக்கிறோம் என்பதைத் தடித்த முனையே மறைத்துவிடும். 9 மி.மீ.க்குக் கீழே போனால் சுழற்சி சுலபமாக ஏறும், ஆனால் நடுவிலிருந்து கொஞ்சம் பிசகினாலும் கேட்காத சைடும் (பக்கவாட்டுச் சுழற்சி) சேர்ந்தே ஏறும். கியூ ஆக்‌ஷன் (கியூவை வீசும் அசைவு) நேராகாதவர்களுக்கு அது தண்டனை. இன்னொன்று: ஷாஃப்ட் பின்னால் போகப் போகத் தடிக்கும். ஃபெரூல் தேய்ந்து புதிது போடும்போது மரத்தையும் கொஞ்சம் வெட்டினால் டிப் அளவு கூடிவிடும். பழைய கியூ வாங்குபவர்கள் அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது, கியூ நேராக இருக்கிறதா என்பது. மேசைமேல் உருட்டிப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பல ஸ்னூக்கர் கியூக்களில் பட் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், உருளும்போது அது தட்டும். கையால் இழைத்த ஷாஃப்ட் துல்லியமான வட்டமாகவும் இருக்காது. பட் முனையைக் கண்ணருகே வைத்து, ஷாஃப்ட் வழியே டிப்பைப் பாருங்கள். கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். நடுவில் மிக லேசான வளைவு இருந்தால் பயப்பட வேண்டாம். தட்டைப் பக்கத்தை எப்போதும் ஒரே திசையில் வைத்துப் பிடித்தால், வளைவு எப்போதும் ஒரே மாதிரி நிற்கும், கண் பழகிவிடும். டிப்புக்கு அருகில் வளைந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

ஷாஃப்டுக்கு ஆஷ் மரமா, மேப்பிள் மரமா என்று கேட்பவர்கள் அதிகம். ஆஷில் அம்பு போன்ற ரேகைகள் தெரியும். குறி பார்க்க அது சிலருக்கு உதவும், சிலருக்குக் கவனத்தைக் கலைக்கும். மேப்பிள் வழவழப்பாக, கோடின்றி இருக்கும். எது விறைப்பு என்பதை மரத்தின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் துண்டின் தன்மையும் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பட் பகுதியைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டின் நடுவில் உள்ளங்கையால் தட்டுங்கள். அதிர்வு நீண்டுகொண்டே போனால் கியூ தளர்வானது.

எடையில் 17 முதல் 18.5 அவுன்ஸ், அதாவது 480 முதல் 525 கிராம் வரை வழக்கம். அதைவிடச் சமநிலைப் புள்ளி முக்கியம். ஒரு விரல்மேல் வைத்துப் பாருங்கள், பட் முனையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் நின்றால் நல்லது. முன்பாரம் அதிகமானால் பிரிட்ஜ் கைமேல் (கியூவை முன்னால் தாங்கும் கை) அழுத்தும், பின்பாரம் அதிகமானால் அடிக்கும் நொடியில் முனை மேலே துள்ளும்.

நீளத்துக்கு விதி சொல்வது குறைந்தது 3 அடி என்பதுதான். புழக்கத்தில் இருப்பவை 57, 58 அங்குலம். குனிந்து நின்று டிப்பை வெள்ளைப் பந்தில் தொடவையுங்கள். அந்த நிலையில் முழங்கைக்குக் கீழே கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். அப்போது பிடி பட் விளிம்பைத் தாண்டி நழுவினால் கியூ குட்டை.

ஒற்றைத் துண்டு, நடுவில் பிரிவது, முக்கால் பங்கில் பிரிவது என்று மூன்று வகை. அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு நடுவில் பிரிவது வசதி. முக்கால் ஜாயின்ட்டில் முறுக்கும் இடம் பிடிக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் ஷாஃப்ட் முழுத்துண்டு போலவே இருக்கும், ஆனால் பெட்டி நீளம். அடிக்கும்போது சன்னமாக ‘சிர்’ என்று சத்தம் வந்தால் முதலில் மரையில் அழுக்கு இருக்கிறதா பாருங்கள். துடைத்து முறுக்கியும் சத்தம் போகாவிட்டால் ஜாயின்ட்டின் பித்தளை வளையம் மரத்திலிருந்து விட்டிருக்கலாம். அந்தக் கியூவை எடுக்காதீர்கள்.

கடைசிச் சோதனை மேசையில். வெள்ளைப் பந்தைப் பிரவுன் புள்ளியில் (பிரவுன் பந்து வைக்கும் இடம்) வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகள் மேல் நேராக அடியுங்கள். மேசை விளிம்புக் குஷனில் பட்டு அதே கோட்டில் திரும்பினால் உங்கள் அடியும் கியூவும் ஒத்துப்போகின்றன. பிறகு அதே கோட்டுக்கு இணையாகக் கியூவை அரை டிப் அகலம் இடப்பக்கம் நகர்த்தி வலுவாக அடியுங்கள். பந்து வலப்பக்கம் விலகும். கறுப்புப் புள்ளியைத் தாண்டும்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கியூக்களை ஒரே வேகத்தில் ஒப்பிட்டால் குறைவாக விலகுவது எது என்று புரியும். சைடு அதிகம் ஆடுபவர்கள் அதையே எடுக்கலாம். இரண்டின் டிப்பும் ஒரே நிலையில் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். ஒன்று காளான் போல விரிந்து ஃபெரூலைத் தாண்டி நின்றால், முதலில் ஓரத்தைச் சீவிச் சரிசெய்துவிட்டு அடியுங்கள்.

வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள். ஷாஃப்ட் கையில் ஒட்டினால் மணல்தாளை எடுக்காமல், ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் தேயுங்கள். வார்னிஷ் இல்லாத ஷாஃப்டுக்கு மட்டும் எப்போதாவது ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். வார்னிஷ் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே பிசுபிசுக்கும். போட்டி நெருங்கும்போது கியூவையோ டிப்பையோ மாற்ற வேண்டாம். புது டிப் அழுந்திப் பழக்கப்படச் சில மணி நேர ஆட்டமாவது தேவைப்படும்.