அகமாந்தர்: பட்டியலை விட்டுப் பங்கைப் படித்த அனுபவம்

முதுகலைத் தமிழ்த் தேர்வில் அகப்பொருள் எனப்படும் காதல் பாடல்களின் மாந்தரைப் பற்றிய வினாக்களுக்குப் பெயர்ப்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. ஒவ்வொரு மாந்தரும் எந்தச் சூழலில், யாரிடம், எதற்காகப் பேசுகிறார் என்று பார்த்துப் படித்ததே எனக்குக் கைகொடுத்தது. அகத்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிப்பதால், அவர் ஏற்கும் பங்கே அவருக்கு அடையாளமாகிறது.

தொல்காப்பியத்தின் செய்யுளியலின்படி, களவில் (மணத்துக்கு முந்தைய மறைவான காதலில்) கூற்று நிகழ்த்துவோர், அதாவது பேசுவோர், பார்ப்பான், பாங்கன் (தலைவனின் தோழன்), தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்), தலைவன், தலைவி ஆகிய 6 பேர். கற்பில் (மண வாழ்வில்) பாணன், கூத்தன், விறலி (ஆடிப் பாடும் பெண்), பரத்தை (தலைவன் நாடும் வேறு பெண்), அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர, 12 பேர். அதே நூலின் கற்பியல் கூறும் வாயில்களும் 12 என்பதால் கொள்குறி வினாக்களில் இவ்விரண்டும் எளிதில் குழம்பும். வாயில்கள் ஊடலைத் தணிக்க இடைநின்று பேசுவோர் என்பதை நினைவில் வைத்தால், அந்த ஊடலுக்கே உரியவர்களான தலைவனும் தலைவியும், அதற்குக் காரணமான பரத்தையும் அப்பட்டியலில் ஏன் இல்லை என்பது தானே விளங்கும். பாட்டி (பாணர் குலப் பெண்), இளையர் (ஏவலர்), விருந்தினர் என்ற மூவரை மட்டும் தனியே நினைவிற்கொள்ள வேண்டும். தந்தையும் தமையன்மாரும் நேரே பேசுவதில்லை, பிறர் கூற்றில் எடுத்துரைக்கப்படுவார்கள் என்பதும் அடிக்கடி விடுபடும் செய்தி.

அதிக நேரம் செலவிட வேண்டிய மாந்தர் தோழி. செவிலியின் மகளான அவளே தலைவனைச் சேட்படுத்துகிறாள் (எளிதில் இணங்காமல் தள்ளி நிறுத்துகிறாள்), வரைவு கடாவுகிறாள் (மணம் செய்துகொள்ளத் தூண்டுகிறாள்), உடன்போக்குக்கு (காதலர் இருவரும் ஊரைவிட்டுச் செல்வதற்கு) துணைநிற்கிறாள், கற்புக் காலத்தில் வாயில் மறுக்கிறாள் (தலைவனை வீட்டுக்குள் ஏற்க மறுக்கிறாள்). குறுந்தொகையில் ஔவையார் பாடிய 23ஆம் பாட்டில், குறிசொல்லும் அகவன் மகளிடம் ‘அவர்’ குன்றத்தைப் பாடிய பாட்டையே மீண்டும் பாடச் சொல்வதன் மூலம், காதலன் ஒருவன் இருப்பதைத் தோழி குறிப்பால் உணர்த்துகிறாள். அறத்தொடு நிற்றலுக்கு, அதாவது மறைவான காதலை வீட்டாருக்குத் தக்கவாறு வெளிப்படுத்துவதற்கு, இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பீட்டு வினா வந்தால், ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து 31 செயல்களையும் 7 பங்குகளையும் வகுத்த விளாதிமிர் பிராப்பின் 1928ஆம் ஆண்டு நூல் பயன்படும். ஆனால், தோழியை ‘உதவியாளர்’ என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. சேட்படுத்தும்போது அவள், தலைவனைச் சோதித்த பிறகே உதவும் ‘கொடையாளரை’ நெருங்குகிறாள். ஒரே மாந்தர் பல பங்குகளை ஏற்கலாம் என்பதைப் பிராப்பே ஒப்புக்கொள்கிறார். பொருந்தாத இடத்தையும் எழுதுவது விடைக்கு வலுச் சேர்க்கும்: களவுப் பாடல்களில் அவர் கூறும் எதிராளியாக ஒருவரைச் சுட்டுவது கடினம், அந்த வேலையைப் பெரும்பாலும் ஊர் தூற்றும் அலரும், தாயின் காவலும், தலைவியை வீட்டுக்குள்ளேயே இருத்திவைக்கும் இற்செறிப்பும் செய்துவிடுகின்றன.