ரூத் தலையில் இருந்த மூட்டை

பைபிளில் வரும் ரூத், மாமியார் நகோமியோடு பெத்லெகேமுக்கு வந்து வயலில் கதிர் பொறுக்கிய மோவாப் நாட்டு விதவை. அவளைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு முதலில் பயம். “வேதத்துல இல்லாதத நீயா சேர்க்காத, பிள்ள” என்றாள்.

“உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்” என்று ரூத் மாமியாரிடம் சொன்னது போன்ற வசனங்களை நான் தொடவில்லை. எனக்கு வேண்டியது அவளுடைய ஒரு நாள் வேலை. பொறுக்கிய கதிரைத் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வந்தது என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஆச்சி வீட்டு மரக்காலை நினைத்துக்கொண்டு, இடுப்பில் சின்ன மூட்டையோடு அவள் வேகமாக வீடு திரும்புவதாக எழுதிவிட்டேன். அப்புறம்தான் எபிரேய மூலத்தில் இருப்பது ‘எப்பா’ என்ற அளவு என்று தெரிந்தது. சுமார் 22 லிட்டர் என்கிறார்கள். வாற்கோதுமை என்றால் ஏறத்தாழ 13 கிலோ! அத்தனையும் அறுத்தவர்கள் விட்டுப்போன கதிர். குனிந்து குனிந்து பொறுக்கியது. அந்தக் கதிரின் நீண்ட கூர் முழங்கை வரை கீறியிருக்கும், வேர்வை பட்டு எரிந்திருக்கும். மத்தியானம் வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் கொடுத்த வறுத்த தானியத்தில் மீந்ததையும் மாமியாருக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

காட்சியைத் திருத்தி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சின்ன வயதில் வயலில் கட்டு சுமந்தவள் அவள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தலைச்சுமைய இறக்க இன்னொரு கை வேணும்லா? நகோமி வாசல்லயே நிக்கணும்” என்றாள். சரி, நகோமியை வாசலில் நிறுத்தினேன். பெத்லெகேமுக்கு வந்த நாளில் “என்னை மாராள் (கசப்பானவள்) என்று சொல்லுங்கள்” என்று கசந்துபோய்ச் சொன்னவள், இப்போது இரண்டு கையையும் தூக்கி மருமகளின் மூட்டையைப் பிடிக்கிறாள். இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நகோமியின் இன்னொரு மருமகள் ஒர்பாளைக் கெட்டவளாக எழுத மாட்டேன். மாமியாரே போகச் சொன்னாள். அவள் அழுது முத்தமிட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குப் போனாள். அதில் என்ன குற்றம்?

இப்போது ரூத்தின் பேச்சில் நிற்கிறேன். 1868இல் இன்றைய யோர்தானில் உள்ள திபானில் மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ரூத்தின் கதை நடக்கும் காலத்துக்குப் பிந்தியது. அதன் மொழி எபிரேயத்துக்கு மிக நெருக்கம். ஆனால் எபிரேயப் பன்மை ‘ம்’ என்று முடிகிற இடத்தில் அதில் ‘ன்’ வருகிறது. நம் நிலம் நிலன், அறம் அறன் மாதிரி. வேதம் அவளை ‘மோவாபிய ஸ்திரீ’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறதே, அது ஊர்க்காரர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

வாற்கோதுமைக்கு எபிரேயத்தில் ‘செயோரிம்’. முதல் நாள் வயலில் என் ரூத் ‘செயோரின்’ என்று சொல்லிவிடுகிறாள். கதிர் கட்டும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவள் குனிந்து அடுத்த கதிரை எடுக்கிறாள்.